யூரியா உரமும் துணித் தொழிலும்

சமையலுக்கு உப்பு வேண்டும். தோல் பதனிடவும் உப்பு வேண்டும். இரு காரியங்களுக்கும் வேண்டிய உப்பு மலிவாகவே கிடைப்பதால், ஒன்றுக்கு வைத்திருப்பதைக் களவாக மற்றொன்றுக்குக் கொண்டுபோக யாரும் முற்படுவதில்லை. யூரியாவின் நிலைமை வேறு. வயலுக்குப் போகும் யூரியாவும் தொழிற்சாலைக்குப் போகும் யூரியாவும் பொருளால் ஒன்று. விலையால் பெரிதும் வேறு. பொருள் ஒன்றாயும் விலை இரண்டாயும் இருக்குமிடத்தில் மலிவான சரக்கு விலையுயர்ந்த பக்கம் நழுவிச் செல்லுவது இயல்பு. திருப்பூர் ஜில்லாவில் வயலும் துணித் தொழிலும் அடுத்தடுத்து இருப்பதால், இவ்விஷயத்தை நிலச் சொந்தக்காரர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் மற்ற ஜில்லாக்காரரைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

துணித் தொழிலில் யூரியா

யூரியா என்றால் மேலுரம் என்றே குடியானவர்கள் அறிவார்கள். அது தொழிற்சாலைகளுக்கும் இன்றியமையாத இரசாயனப் பொருள் என்பதைப் பலர் அறியார். பிளைவுட் பலகைகளை ஒட்டும் பசை யூரியாவிலிருந்து தயாராகிறது. தட்டு, கோப்பை முதலியன செய்ய உதவும் மெலமின் என்ற பொருளுக்கும் அதுவே மூலம். பாரத் ஸ்டேஜ் 6 என்ற விதி 2020-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமலுக்கு வந்தபின், புதிய டீசல் லாரிகளின் புகையைச் சுத்திகரிக்க, நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கரைந்த நீர் உபயோகமாகிறது.

பருத்திப் பின்னலாடையில் பூவும் படமும் எழுத்தும் அச்சிடும் பட்டறைகளிலும் யூரியாவுக்கு முக்கியமான இடம் உண்டு. துணியின் இழையோடு இரசாயன முறையில் பிணையும் ரியாக்டிவ் சாயங்களை அச்சிடும்போது, சாயம், கடற்பாசியிலிருந்து எடுக்கும் பசை, சோடா உப்பு ஆகியவற்றோடு யூரியாவையும் கலந்து, பேஸ்ட் எனப்படும் குழம்பு தயாரிக்கிறார்கள். அச்சிட்ட துணியை உலர்த்தி நீராவியில் வைக்கும்போது யூரியா ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளுகிறது. அந்த ஈரத்தில் சாயம் நன்றாகக் கரைந்து, பருத்தி இழை உப்பி, சாயம் உள்ளே புகுந்து பற்றுகிறது. யூரியா குறைந்தால் நிறம் வெளிறிப்போகும்.

ஒரு கிலோ பேஸ்டுக்குச் சாதாரணமாக 100 முதல் 200 கிராம் வரை யூரியா சேர்ப்பது வழக்கம். நடுத்தரமாக 150 கிராம் என்று கொண்டால், 45 கிலோ கொண்ட ஒரு மூட்டை 300 கிலோ பேஸ்டுக்கு வரும். ஆகவே இத்தொழிலுக்கு யூரியா வேண்டும் என்பதில் தவறொன்றுமில்லை. அது எந்தச் சரக்காக, எந்த விலைக்கு, எந்த வழியாக வந்து சேருகிறது என்பதே கேள்வி.

சுங்கப் பட்டியலில் யூரியாவின் இடம்

நாடு விட்டு நாடு செல்லும் ஒவ்வொரு சரக்குக்கும் சுங்கத்தில் ஓர் எண் உண்டு. பிரஸ்ஸெல்ஸ் நகரில் உள்ள உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் பொதுப் பட்டியலே இவ்வெண்களுக்கு ஆதாரம். 1988-ம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி முதல் அது அமலில் இருந்து வருகிறது. அதில் முதல் ஆறு இலக்கங்கள் உலகத்துக்குப் பொது. அதற்குமேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வரி, இறக்குமதி அநுமதி, வியாபாரக் கணக்கு எல்லாம் இந்த எண்ணையே பற்றி நிற்கின்றன.

அப்பட்டியலில் 28-வது அத்தியாயம் உப்பு, காரம், அமிலம் போன்ற கனிமச் சரக்குகளுக்கும், 29-வது அத்தியாயம் கரிமச் சரக்குகளுக்கும், 31-வது அத்தியாயம் உரங்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இரசாயன சாஸ்திரப்படி யூரியா கரிமப் பொருள். 1828-ம் வருஷத்தில் வோலர் என்ற ஜெர்மானிய அறிஞர் உயிருள்ள பிராணியின் உதவியில்லாமல் சோதனைச்சாலையிலேயே யூரியாவை உண்டாக்கிக் காட்டியது, கரிம இரசாயன சரித்திரத்தில் பெயர்பெற்ற நிகழ்ச்சியாகும். அவ்வாறாயின் யூரியாவின் இடம் 29-வது அத்தியாயமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த அத்தியாயத்தின் குறிப்பிலேயே யூரியா அதில் சேராது என்று விலக்கப்பட்டிருக்கிறது. 31-வது அத்தியாயத்தில் 3102 என்ற தலைப்பின்கீழ் 3102.10 என்ற எண்ணே அதற்கு அளிக்கப்பட்டிருக்கிறது. சுத்தமானதாயினும் ஆகாததாயினும், குருணையாயினும் நீரில் கரைந்ததாயினும் எண் அதுவே. பத்து கிலோவுக்கு மேற்படாத சிறு பொட்டலமாகவோ வில்லையாகவோ கட்டி வந்தால் மட்டும் 3105 என்ற தலைப்புக்கு மாறும்.

இதன் தாத்பரியத்தைக் கவனிக்க வேண்டும். உலகப் பட்டியலின் கண்ணில் யூரியா என்பது உரம். நெல்லுக்கு இடப் போகிறதா, பின்னலாடைக்கா, பிளைவுட்டுக்கா என்று அந்த ஆறு இலக்கங்கள் கேட்பதில்லை. யூரியாவைப் பக்குவம் செய்து பசையாக்கிவிட்டால் 39-வது அத்தியாயம். மெலமின் ஆக்கிவிட்டால் 29-வது அத்தியாயம். உருமாறின பிறகே எண் மாறுகிறது. உருமாறாத வெள்ளைக் குருணையை உபயோகம் பார்த்துப் பிரிக்கும் வேலை ஒவ்வொரு நாட்டின் சட்டத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. ஒரு நாடு தன் பட்டியலில் மேலும் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துத் தரவாரியாகப் பிரித்தாலும், அப்பிரிவு துறைமுகத்து வாயில் வரையில்தான் காவல் காக்கும். மூட்டை ரெயிலேறிக் கிராமத்துக்கு வந்தபின், சுங்க உத்தியோகஸ்தர் அதன் பின்னாலேயே வரமுடியாது.

விலையின் வித்தியாசம்

வேளாண்மைக்கு வேண்டிய யூரியாவை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது மத்திய அரசின் கணக்கில், அரசு குறிப்பிடும் ஸ்தாபனங்களின் மூலம் நடைபெறுகிறது. 2020-21-ல் சுமார் 98 லட்சம் டன்னும், 2023-24-ல் சுமார் 70 லட்சம் டன்னும் இறக்குமதியாயின. ராமகுண்டம், கோரக்பூர், சிந்திரி, பரௌனி ஆகிய இடங்களில் 2021, 2022-ம் வருஷங்களில் உற்பத்தி தொடங்கியது இக்குறைவுக்கு ஒரு காரணம். நம் மாநிலத்தில் மணலியிலும் தூத்துக்குடியிலும் யூரியா ஆலைகள் உண்டு. ஆனால் உள்நாட்டு ஆலைகளுக்கு வேண்டிய இயற்கை வாயுவிலும் பெரும்பகுதி கடல் கடந்தே வருகிறது. ஆகையால் மூட்டையின்மேல் எந்த ஊர்ப் பெயர் அச்சிட்டிருந்தாலும் அதற்குள் அந்நியச் செலாவணி அடங்கியிருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

உலகச் சந்தையில் யூரியாவின் விலை நிலையானதன்று. 2021-ம் வருஷம் அக்டோபரில் சீனா தன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 2022 பிப்ரவரியில் ருஷ்ய-யுக்ரேன் யுத்தம் தொடங்கியது. இயற்கை வாயுவின் விலையும் ஏறியது. அக்காலத்தில் யூரியா டன்னுக்கு 900 டாலர் வரை எட்டியது. அவ்விலைப்படி 45 கிலோ மூட்டை ஒன்றின் கிரயம் 40 டாலருக்கு மேல்; அன்றைய நாணய மாற்றில் சுமார் 3,000 ரூபாய். அதே சமயத்தில் நம் குடியானவர் கடையில் கொடுத்தது, வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் வரியும் உட்பட, மூட்டைக்கு 266 ரூபாய் 50 காசு. வரியும் பூச்சும் நீங்கலாக டன்னுக்கு 5,360 ரூபாய் என்று 2012-ல் வகுக்கப்பட்ட விலையை ஒட்டியே இது இருந்தது. அந்த வருஷத்தில் கொடுத்ததைப்போல் பத்து பங்கை அரசாங்கம் தன் பொக்கிஷத்திலிருந்து ஈடுசெய்தது.

உலக விலை பின்னர் இறங்கிற்று. ஆயினும் மானியத்தின் பங்கு இன்றும் பெரிது. தொழிற்சாலைகளோ மானியமில்லாத யூரியாவை முழு விலைக்கு வாங்கவேண்டும் என்பது சட்டம். ஒரே வெள்ளைக் குருணைக்கு இத்தனை விலை வித்தியாசம் இருக்கையில், ஒரு மூட்டை வரப்பைத் தாண்டிப் பட்டறைக்குப் போனால் இடையில் நிற்பவருக்கு எவ்வளவு இலாபம் என்பதை யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வேப்பெண்ணெயும் கைரேகை யந்திரமும்

இதைத் தடுக்க மூன்று காவல்கள் வைக்கப்பட்டுள்ளன.

முதலாவது சட்டம். 1955-ம் வருஷத்து அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின்கீழ் பிறப்பிக்கப்பட்ட 1985-ம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின் 25-வது பிரிவு, உரத்தை மண்ணுக்கு ஊட்டம் தருவதல்லாத வேறு காரியத்துக்கு, அரசின் அநுமதியின்றி, விற்பதையும் உபயோகிப்பதையும் தடைசெய்கிறது. மீறினால் மூன்று மாதம் முதல் ஏழு வருஷம் வரையில் சிறைத் தண்டனைக்கு மூலச் சட்டத்தில் இடமுண்டு.

இரண்டாவது வேப்பெண்ணெய். வயலுக்குரிய யூரியா முழுவதையும் வேப்பெண்ணெய் பூசியே விற்க வேண்டும் என்பது 2015-ம் வருஷத்தில் கட்டாயமாக்கப்பட்டது. வேம்பின் சத்து மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணித்து, தழைச்சத்து சீக்கிரமாக நைட்ரேட்டாக மாறி நீரோடு இறங்கிப்போகாமல் காக்கிறது. இது பயிருக்கு நேர் நன்மை. எண்ணெயும் வாசனையும் மங்கிய நிறமும் தொழிற்சாலைக்கு இடைஞ்சல் என்பதால், திருட்டு வியாபாரத்துக்கு அது தடையும் ஆகிறது.

மூன்றாவது கைரேகை யந்திரம். 2018-ம் வருஷத்துக்குள் நாடு முழுவதும் உரக் கடைகளில் யந்திரங்கள் வைக்கப்பட்டு, வாங்குவோரின் ஆதார் எண்ணும் விரல் ரேகையும் பதிந்த பிறகே மூட்டை கொடுக்கப்படுகிறது. அவ்விற்பனை கணக்கில் ஏறிய பின்னரே உற்பத்தியாளருக்கு மானியம் சேருகிறது.

இம்மூன்றும் நல்ல ஏற்பாடுகளே. எனினும் களவு முற்றும் ஒழிந்துவிடவில்லை என்பதை, 2022-ம் வருஷத்தில் மத்திய அரசு உரப் பறக்கும் படைகளை அமைத்துப் பல மாநிலங்களில் சோதனையிட்டதே காட்டும். வேப்பெண்ணெய் மேல்பூச்சு மட்டுமே. உள்ளே இருப்பது அதே யூரியா. துணிந்தவன் அதை நீக்கவும் வழி தேடுவான். கைரேகை யந்திரமோ விரல் யாருடையது என்று கேட்குமேயன்றி, மூட்டை எங்கே போகிறது என்று கேளாது. ஏற்பாடு தொடங்கியபோது, வாங்குபவருக்கு எத்தனை ஏக்கர், என்ன பயிர் என்றும் அது கேட்கவில்லை. சட்டத்துக்கும் வேம்புக்கும் யந்திரத்துக்கும் அப்பால் நான்காவது காவல் ஒன்று வேண்டும். அது கிராமத்தாரின் நாணயம்.

நஷ்டம் யாருக்கு?

"நம் பேரில் நாலு மூட்டை எழுதிக் கொடுத்தால் என்ன முழுகிப்போகிறது?" என்று எண்ணி, உபகாரமாகவோ சிறு தொகைக்காகவோ விரலை இரவல் கொடுப்பவர் இருக்கக்கூடும். முழுகிப்போவது இன்னதென்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு மூட்டை யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. அதாவது 20 கிலோ 700 கிராம். மண் பரிசோதனை செய்யாத நிலையில், இறவை நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது கோயமுத்தூர்ப் பகுதிக்குரிய பொதுச் சிபாரிசு. அது ஏக்கருக்கு 60 கிலோ. முழுவதையும் யூரியாவாகவே இட்டால் மூன்று மூட்டை. வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ. அது ஏக்கருக்கு ஏறக்குறைய ஐந்து மூட்டை. ஆகவே வழிதவறிப் போகும் ஒவ்வொரு மூன்று மூட்டையும் அமராவதிப் பாசனத்தில் ஓர் ஏக்கர் நெல்லின் தழைச்சத்து. ஒவ்வொரு ஐந்து மூட்டையும் ஓர் ஏக்கர் மக்காச்சோளத்தின் தழைச்சத்து.

யூரியா வேண்டியிருப்பது வருஷம் முழுவதுமன்று. தூர் கட்டும் சமயத்திலும் கதிர் உருவாகும் சமயத்திலுமே. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நிலங்கள் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்துத் தண்ணீர் விடப்படுகின்றன. தன் முறை வந்து தண்ணீர் பாயும் வாரத்தில் கடையில் மூட்டை இல்லையென்றால், அடுத்த மாதம் வரும் மூட்டை அந்தப் பயிருக்குப் பிரயோஜனமில்லை. அந்தப் பற்றாக்குறை முதலில் தாக்குவது, வீட்டில் இருப்பு வைத்திருக்கும் பெரிய பண்ணையை அன்று. வேண்டியபோது ஒன்றிரண்டு மூட்டை வாங்கும் சிறு குடியானவரையும் குத்தகைதாரரையுமே. விரலை இரவல் கொடுத்த நிலச் சொந்தக்காரர், அறியாமலே தம் அண்டை வரப்புக்காரரின் மேலுரத்தை விற்றவராகிறார்.

இரண்டாவது நஷ்டம் நேர்மையான பட்டறைக்காரருக்கு. முழு விலை கொடுத்து, ரசீது பெற்று, தொழிற்சாலைக்குரிய யூரியாவை வாங்கி அச்சிடுகிறவர், களவு மூட்டையில் அச்சிடுகிறவரோடு விலையில் போட்டியிட முடியாது. திருப்பூரின் பின்னலாடை உலகச் சந்தையை நம்பியிருப்பது. அங்கே வாங்குவோர் ஒவ்வொரு இரசாயனமும் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் காலம் இது. துணித் தொழிலார் எல்லோர்மீதும் பழி சுமத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நேர்மையானவருக்கு உதவுவதும் கிராமத்தின் கடமையே என்பதே கருத்து.

மூன்றாவது நஷ்டம் நீருக்கு. துணியில் அச்சிட்டபின் யூரியா துணியில் தங்குவதில்லை; அலசும் நீரோடு வெளியேறி, நாளடைவில் அம்மோனியாவாகச் சிதைகிறது. கழிவு நீரால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை இந்த ஜில்லாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2011-ம் வருஷம் ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட நேர்ந்ததும் நினைவிருக்கும். கணக்கில் வாங்கின சரக்குக்குக் கழிவிலும் கணக்கு கேட்கலாம். களவாக வந்த சரக்கைப் பற்றி எந்தக் கணக்கும் பேசாது.

ஆட்சேபங்களுக்குச் சமாதானம்

விலை வித்தியாசமே களவுக்குக் காரணமாதலால், மானியத்தை எடுத்துவிட்டால் களவும் ஒழியும் என்று சிலர் சொல்வார்கள். தர்க்கத்தில் இது சரியே. ஆனால் உலக விலை நம் கடை விலையைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருந்த வருஷத்தில் அந்த விலையைச் சிறு குடியானவர் தாங்கியிருப்பாரா? களவைத் தடுப்பதற்காகக் களஞ்சியத்தையே எரிப்பது போலாகும் அது. மானியம் நிலைக்க வேண்டுமென்றால், அது சேர வேண்டிய இடத்தில் சேருகிறது என்று பயனடைவோரே காட்ட வேண்டும். களவு வளர வளர, மானியத்தை எடுக்கச் சொல்வோரின் வாதமே வலுக்கும்.

வேறு சிலர், களவைப் பிடிப்பது போலீஸாரின் வேலை. அதில் குடியானவருக்கு என்ன என்பார்கள். பட்டறையில் கொட்டிய குருணையைப் பார்த்து அது எந்த ஊர் மூட்டை என்று எந்தப் போலீஸாராலும் சொல்ல முடியாது. மூட்டை கிராமத்தை விட்டுப் புறப்படும் அந்த ஒரு நாழிகையில்தான் அது இன்னாருடையது என்று தெரியும். அதைக் காணக்கூடியவர்கள் கிராமத்தாரே.

செய்ய வேண்டியவை

நிலச் சொந்தக்காரர்கள் தமக்கும் தம் பயிருக்கும் வேண்டியதற்குமேல் வாங்கலாகாது. தம் விரலையும் ஆதார் எண்ணையும் பிறருக்கு இரவல் கொடுக்கலாகாது. யந்திரத்திலிருந்து வரும் ரசீதைக் கேட்டு வாங்கி, எழுதியிருக்கும் மூட்டைகளும் கைக்கு வந்த மூட்டைகளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சியதை ஈரம் படாமல் அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சந்தையில் முகமறியாதவர்க்கு விற்கலாகாது. மண் பரிசோதனை செய்துகொண்டு, சணப்பு, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி முதலிய பசுந்தாளை மடக்கி உழுது, யூரியாவைப் பகுத்து இட்டால் தேவையே குறையும். தேவை குறைந்தால் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி இருப்புக் கட்டும் வழக்கமும் குறையும்.

கூட்டுறவுச் சங்கத்தாரும் உர வியாபாரிகளும் அன்றாட இருப்பையும் விலையையும் பலர் காணப் பலகையில் எழுதி வைப்பார்களாக. ஒரே ஆள் அடுத்தடுத்துப் பல மூட்டைகள் வாங்கினால், என்ன பயிருக்கு என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கிராம நிர்வாக அலுவலர்களின் கையில் அடங்கல் கணக்கு இருக்கிறது. எந்தச் சர்வே எண்ணில் எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ஏக்கர் மக்காச்சோளம், எது தரிசு, எது கொறங்காடு என்று அதைவிடத் திட்டமாகச் சொல்லும் தஸ்தாவேஜு வேறில்லை. காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லுக்கு யாரும் மூட்டை மூட்டையாக யூரியா இடுவதில்லை. அங்கே யூரியா விற்பனை ஏறினால் அது கேட்கத்தக்க விஷயம். அடங்கலை வயலுக்குப் போய்ப் பார்த்து எழுதி, அதையும் உர விற்பனைக் கணக்கையும் பருவத்துக்கு ஒரு முறை வட்டார உதவி வேளாண்மை இயக்குநருடன் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால், புதுச் சட்டம் ஒன்றும் வேண்டியிராது. ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்ற செய்தி ஊரில் பரவுவதே பாதித் தடையாகும்.

சுங்கப் பட்டியல் யூரியாவைக் கரிமச் சரக்கு என்னாமல் உரம் என்று வகுத்து வைத்தது. அப்பெயரின் மேலேயே மானியமும், இறக்குமதியும், வேப்பெண்ணெயும், யந்திரமும் நிற்கின்றன. அந்தப் பெயர் மெய்யாவது துறைமுகத்தில் அன்று. மூட்டையின் வாயை அவிழ்த்துப் பயிரின் வேரடியில் இடும்போதுதான். அதை மெய்யாக்குவது நிலமுடையாரின் கையிலும், அக்கணக்கை எழுதுவோரின் கையிலும் இருக்கிறது. வரும் பட்டத்துக்கு மூட்டை வாங்கப் போகுமுன் இதை ஒவ்வொருவரும் ஆலோசித்து நடந்துகொள்வார்களாக.